மழைக்கு நிற்கும் பூ

மழையில் ஒன்றும் செய்யாமல் நிற்கிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒன்றும் செய்யாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசில் அண்டர் செகரட்டரி வரை வந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் அவர்கள் கூரையின் கீழே, நாற்காலியில் அமர்ந்து, தேநீர் குடித்தபடி அதைச் செய்தார்கள். எங்கள் கீழ்வீட்டு அம்மாள் ஜூலை மாதத்தில், தில்லி துவாரகாவின் சாலைகள் கணுக்கால் தண்ணீரில் கிடக்கும்போது, தனக்கு மட்டும் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் விதை போட்டு வளர்த்த செடிகள் அழுகுவதைப் பார்த்தபடி நிற்பார்.

நாங்கள் குடியேறிய முதல் மழைக்காலத்தில் பால்கனியிலிருந்து கேட்டேன்.

"மேடம், மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டாவது போடலாமே?"

"போடலாமுங்க சார்."

"பின்ன?"

"அடுத்த வருசமும் போடோணும். அதுக்கடுத்த வருசமும் போடோணும். நானு இல்லாத வருசம் யாரு போடறது, நீங்களா?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழைச்சாரல் காரணம் என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்தச் செடி ஐரிஸ். நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். மலைவாசஸ்தலங்களில் பழைய பங்களாத் தோட்டங்களில் இருக்கலாம். கத்தி போன்ற இலைகள் விசிறி மாதிரி அடுக்கி நிற்கும். பூவில் மூன்று இதழ்கள் மேல்நோக்கிக் குவிந்திருக்கும், மூன்று இதழ்கள் கீழே தொங்கும். தொங்கும் இதழ் ஒவ்வொன்றின் மேலும் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல் ஒரு ரோம வரிசை. அதைத் தாடி என்கிறார்கள். கிழங்கு பார்ப்பதற்கு இஞ்சி. அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. முதுகு வெயிலில் காய, பாதி வெளியே தெரிய, முதலை மாதிரி கிடக்கும். குளிர்நாட்டுச் செடி. தில்லிக் குளிர் அதற்கு ஏதோ போதும். தில்லி வெயிலைத் தூங்கிக் கழித்துவிடும். தாங்க முடியாதது தில்லி மழைதான். வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கி நின்றால் கிழங்கு உள்ளுக்குள்ளேயே கூழாகிவிடும். அந்த நாற்றம் முதல் மாடிவரை வரும்.

இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. மழைக்கு முன்பு கிழங்கைப் பிடுங்கி, மண்ணை உதறி, நிழலில் காயப்போட்டு, அக்டோபரில் திரும்ப நட வேண்டும். தில்லியில் ஐரிஸ் வைத்திருக்கும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த அம்மாளும் சுவரோர மேடையில் இருந்த தாய்ச்செடிகளுக்கு அப்படித்தான் செய்தார். பிடுங்காமல் விட்டதெல்லாம் அவரே கலந்து உண்டாக்கிய நாற்றுகளை. அவை வேலியோரம் பள்ளமான இடத்தில் வரிசையாக நிற்கும். தோட்டத்திலேயே அதிகம் தண்ணீர் தேங்கும் இடம் அது. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்.

மழை விட்டதும் குனிந்து ஒவ்வொரு கிழங்காகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே போனால் செடியின் கதை முடிந்தது. விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

*

கீழ்வீட்டில் அவரைப் பார்ப்பதற்குப் பல வருடங்கள் முன்பே அவருடைய சுருக்கொப்பம் எனக்குத் தெரியும். அவர் நிதிப் பிரிவில் இருந்தார். நான் இன்னோர் அமைச்சகத்தில் இருந்துகொண்டு, ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டுக் கோப்பு அனுப்பினேன். காரணம் போதவில்லை என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு பக்கம் சேர்த்து அனுப்பினேன். அதே வரியோடு திரும்பி வந்தது. கோப்பை நானே தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். தமிழர் என்பது பேச்சில்தான் தெரிந்தது. ஈரோட்டுப் பக்கத்துத் தமிழ்.

"காரணம் நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார், டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு. "போதாது."

அந்த இரண்டு வாக்கியங்களையும் அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் பூக்களின் முன்னால். மார்ச் மாதம் நாற்றுகளில் ஏதாவது முதல் பூ விரிக்கும். காலையில் நாங்கள் நாலைந்து பேர் கூடிவிடுவோம். ஒரு வருடம் பழுத்த மாம்பழத்தோல் நிறத்தில் ஒரு பூ வந்தது, கீழிதழ்கள் கருநீலம். என் மனைவி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அம்மாள் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். "போதாதுங்க. ஒரு மழைக்கே பாதிக் கெழங்கு போயிருச்சு."

பூ வாடும்வரை விட்டுவைத்தார். பிறகு பிடுங்கி நறுக்கி எருக்குழியில் போட்டார்.

மூன்றாவது மாடிப் பஞ்சாபிப் பெண்மணியால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஃபேக்னா ஹீ ஹை தோ முஜே தே தோ நா, தீதி!" தூக்கி எறிவதாக இருந்தால் எனக்குக் கொடுங்களேன் என்றார்.

"நஹீ ஜீ. அச்சா நஹீ ஹை."

"அரே, இத்னா சுந்தர் தோ ஹை!"

"சுந்தர் ஹை. அச்சா நஹீ ஹை."

அவருடைய இந்தி இலக்கணம் சுமார்தான். அழகாக இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு என்கிற இந்த வித்தியாசம் மட்டும் சுத்தமாக இருந்தது. பஞ்சாபிப் பெண்மணி அடுத்த சில வாரங்கள் லிஃப்ட் வாசலில் அவரைப் பார்த்தால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கஞ்சத்தனம் என்று எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் பேச்சு. தான் உண்டாக்கியது அரைகுறையாக வெளியே போகக் கூடாது என்கிற கர்வமும் அதில் கொஞ்சம் இருந்தது என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

கலப்பு செய்யும் காலையில் மட்டும் அவர் முகம் இளகியிருக்கும். புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒரு பூவின் மகரந்தக் காம்பைக் கிள்ளி எடுப்பார். இன்னொரு பூவின் நடுவில் உதடு மாதிரி மடிந்திருக்கும் விளிம்பில் அதைத் தேய்ப்பார். தேய்த்த பூவின் காம்பில் தையல் நூலைக் கட்டுவார். அவ்வளவுதான் கல்யாணம். ஜாதகம் பார்க்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"பாக்காம இருப்பனுங்களா? பொண்ணு வூட்டுல மழைக்கு நின்னவங்க யாராச்சும் இருக்காங்களான்னு மட்டும்தான் பாக்கறது."

காய் பழுத்து வெடித்தால் சுருங்கிய மிளகு மாதிரி விதைகள். அவற்றை ஈரமணலில் கலந்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைப்பார். பனிக்காலம் வந்துவிட்டது என்று விதை நம்ப வேண்டுமாம். விதையிலிருந்து பூவரைக்கும் இரண்டு, மூன்று வருடம். அதற்குள் மழை இரண்டு முறை வந்து தன் வேலையைக் காட்டிவிடும். ஒவ்வொரு வருடமும் வேலியோர வரிசை முழுசாகத் தொடங்கி, கடைசியில் வெறும் மண்ணாக முடியும். அவர் மறுபடியும் விதைப்பார்.

இந்த வேலையின் தொடக்கத்தை ஒரே ஒரு தடவை சொன்னார், நான் கேட்காமலேயே. தணிக்கை விஷயமாக ஸ்ரீநகருக்கு அனுப்பியிருந்தார்களாம். விருந்தினர் விடுதிக்குப் பின்னால் ஒரு இடுகாடு.

"கல்லறைக்கு மேலெல்லாம் இந்தப் பூதானுங்க. வெள்ளையும் ஊதாவும். நானும் ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன். யாரு போயி தண்ணி ஊத்தறா? யாரு புடுங்கி வெச்சு நடறா? செத்தவங்க எந்திரிச்சு வந்தா? அது பாட்டுக்குப் பூத்துட்டுக் கெடக்குது."

விடுதித் தோட்டக்காரர் கொடுத்த ஒரு கிழங்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அது தில்லியின் முதல் மழையில் அழுகி, ஒரு கட்டைவிரல் அளவு மட்டும் மிஞ்சியது. அந்தத் துண்டுதான் எல்லாவற்றுக்கும் ஆதி. கணவர் போனது அதற்கு முந்தைய வருடம் என்பதை நான் வேறொரு பேச்சிலிருந்து கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் கிடையாது. ஈரோட்டில் தங்கை மகன் ஒருவன், பண்டிகைக்குப் பண்டிகை வீடியோவில் கூப்பிடுவான்.

எங்கள் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடம், யாரோ ஒருவர் கீழ்த்தளத்து மண் யாருடையது என்று பொதுக்குழுவில் கேட்டார். விதிகளைப் புரட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எனக்கு அவை மனப்பாடம். அது பொது இடம், கீழ்வீட்டுக்காரர் அனுபவிக்கலாம், உரிமை கொண்டாட முடியாது என்று எழுந்து படித்தேன். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொது எடந்தானுங்க," என்றார். "நானும் பொதுவுக்குத்தான் பண்ணறேன். இன்னும் முடியல."

குறிப்பேட்டில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன். முடிவு எடுக்க விருப்பமில்லாத எல்லாவற்றுக்கும் அரசாங்கம் வைத்திருக்கும் சொல் அது.

*

அந்த வருடம் விதைத்த வரிசை மட்டும் வெறும் மண்ணாக முடியவில்லை. அதில் ஒரே ஒரு செடி இரண்டு மழைக்கும் நின்றது. கூடப் பிறந்தவை எல்லாம் அழுகிப்போக, அது மட்டும் வேலியோரத்தில் தனியாகக் கிடந்தது. அக்டோபரில் என்னைக் கீழே கூப்பிட்டு, குனியச் சொல்லி, கிழங்கை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கல் மாதிரி இருந்தது.

"நின்னுருச்சுங்க," என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. "மாசில பூக்கும். பூத்தாத்தான் தெரியும், என்னன்னு."

பூ எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. பூத்த பிறகுதான் அதன் மகரந்தத்தை எடுத்து அடுத்த தலைமுறை. இத்தனை வருட வேலையும் அந்த ஒரு விசிறி இலைக்குள் இருந்தது.

ஜனவரியில் பொங்கல் வந்தது. என் மருமகள் தில்லியிலேயே, லக்ஷ்மிபாய் நகரில் அரசுக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், நம் பண்டிகைகளின் மேல் எனக்கில்லாத பக்தி அவளுக்கு உண்டு. கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். பானைக் கழுத்தில் மஞ்சள்குலை கட்ட வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அது இல்லாமல் பானையை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். தில்லியில் மஞ்சள்தூள் கிடைக்கும், மஞ்சள்கிழங்கும் கிடைக்கும், இலையோடு குலை கிடைக்காது. நாங்கள் வருடா வருடம் ஒரு மஞ்சள் துண்டை நூலில் கட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். மருமகள் இதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டாள்.

பொங்கலன்று காலை, பனிமூட்டத்தில், சொசைட்டி தோட்டக்காரனைப் பிடித்திருக்கிறாள். வேலியோரத்தில் தனியாக நின்ற செடியைக் காட்டி, "பையா, யே ஹல்தி ஹை க்யா?" மஞ்சளா இது?

"ஹா மேடம்," என்றானாம் அவன், பீடியை எடுக்காமல். "ஹல்தி ஹீ சமஜ் லோ."

மஞ்சள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 'என்றே வைத்துக்கொள்ளுங்கள்' என்பதன் மேல்தான் தலைநகரின் நிர்வாகம் முழுவதும் நடக்கிறது.

ஆன்ட்டியைக் கேட்கலாம் என்று கதவருகே போயிருக்கிறாள். உள்ளே விளக்கு எரியவில்லை. சில வாரங்களாக ஏதோ வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து களைத்திருக்கிறார், எழுப்ப வேண்டாம், எப்படியும் பொங்கலுக்கு மேலே வரப்போகிறார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டாள். எடுப்பதில் சிரமமே இல்லை, கிழங்குதான் மண்ணுக்கு மேல் கிடக்கிறதே. குழாயடியில் சுத்தமாகக் கழுவி, வேர்களையெல்லாம் கத்தரித்து, குங்குமம் வைத்து, பானைக் கழுத்தில் கட்டினாள்.

"எம்மா, இது ஏது?" என்று கேட்டாள் என் மனைவி.

"சர்ப்ரைஸ், அத்தை!"

என் மனைவிக்குக் கண் கொஞ்சம் மங்கல். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், செய்தித்தாளில் இருந்தது.

பால்கனியில் கேஸ் அடுப்பு. பால் ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மாள் வந்தார், மேலே ஒரு சால்வை, கையில் கரும்புத்துண்டுகள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர், பானையைப் பார்த்தார். அப்படியே நின்றார். அவர் பார்த்த திசையில் பார்த்தபோதுதான் எனக்கும் விளங்கியது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க சார்," என்றார். "பொங்கட்டும்."

"மேடம், அது—"

"பொங்கட்டுமுங்க. பாதியில அவுக்கக் கூடாது."

பால் பொங்கி வழிந்தது. மருமகள் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். நாங்களும் ஏதோ கத்தினோம். சூடான பால் பானையின் கழுத்தில் இறங்கி அந்த இலைகளின் மேல் ஓடியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், மழையில் நின்று பார்ப்பது போலவே. பிறகு தானே போய் முடிச்சை அவிழ்த்து, கிழங்கைச் சால்வை நுனியில் துடைத்தார்.

"ஈரோட்டுக்காரிக்கே மஞ்சள் காட்டறயா கண்ணு?" என்றார் மருமகளிடம். "மஞ்சளுக்கு எல வாழையாட்ட அகலமா இருக்கும். இது கத்தியாட்ட இருக்குது பாரு."

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலியோரச் செடியின் கதை அவளுக்கும் தெரியும். எந்தச் செடி என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. "ஆன்ட்டி... இதுவா அது? ஐ ஸ்வேர் ஆன்ட்டி, நான் ஹல்தின்னுதான்... தனியா இருந்துச்சு, யாருக்கும் வேண்டாம்னு..."

"கேட்டிருக்கோணும்."

"தூங்கறீங்கன்னு நெனச்சேன்."

"எழுப்பியிருக்கோணும். தப்புத்தான்."

வேறு யாராக இருந்தாலும் போகட்டும் விடு என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. இலைகளின் அடிப்பாகத்தை இரண்டு விரலால் மெல்ல நெருடிப் பார்த்தார்.

"உள்ள மொட்டு வெச்சிருந்துது."

"திரும்ப நட்டா வரும்ல ஆன்ட்டி?" அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"செடி வரும். பூ இந்த வருசம் வராது."

"அடுத்த வருஷம்?"

அவர் பால்கனிக்கு வெளியே பார்த்தார். பனியில் எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை.

"வரும் கண்ணு," என்றார். "நீ பாரு."

பிறகு உட்கார்ந்து ஒரு கிண்ணம் பொங்கல் சாப்பிட்டார். நல்லாத்தான் இருக்கிறது, நெய் போதாது என்றார்.

*

விஷயம் எனக்குத் தெரிந்தது பிப்ரவரியில். ஓய்வு பெற்றவர்களுக்கான மருத்துவ அட்டையை வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை வாங்குவது ஒரு தனிக் கலை. சொசைட்டியில் அதற்கு எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அவரும் வந்தார். கணையம் என்றார். அதிகபட்சம் மழைக்கு முன்புவரை என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும் சொன்னார், ரயில் நேரம் சொல்கிற குரலில்.

"எப்போ சொன்னாங்க மேடம்?"

"பொங்கலுக்கு முந்தின வாரம்."

அந்தப் பூவைப் பார்க்க அவருக்கு இருந்தது ஒரே ஒரு மாசி.

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"யாருகிட்ட, உங்க மருமககிட்டயா? அந்தப் புள்ள செடிக்குத் தப்பு பண்ணுனா. செடிய மட்டும் கேட்டேன். என்ற ஒடம்புக்கு அவ என்னங்க பண்ணுவா? அது அவ கணக்குல வராது." எழுந்து போகும்போது திரும்பி, "இப்பவும் சொல்லாதீங்க," என்றார்.

செடியைப் பழைய இடத்திலேயே நட்டிருந்தார். வேரில்லாத கிழங்கு, பாலில் வெந்த இலைகள். பழுத்து உதிர்ந்து, நடுவிலிருந்து புதிதாக ஒரு பச்சை நுனி வந்தது. மார்ச்சில் மேடையிலிருந்த பூக்கள் எல்லாம் விரிந்தன. வேலியோரத்தில் இலை மட்டும். அவர் நாற்காலியை மேடைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரல் கடைசியில், ஒரு காலையில், தோட்டக்காரனை வைத்து மேடையிலிருந்த அத்தனை செடிகளையும் பிடுங்கச் சொன்னார். மாம்பழ நிறப் பூவின் தாய், கறுப்புக்கு நெருக்கமான ஊதா, ஓரம் சுருள்கிற வெள்ளை, எல்லாம். ஆண்டுதோறும் ஜூனில் பிடுங்கி அக்டோபரில் நட்டு அவர் காப்பாற்றி வந்தவை. செய்தி பரவி, பஞ்சாபிப் பெண்மணி பையோடு இறங்கி வந்தார். என் மனைவிகூட ஒரு பக்கெட்டோடு நின்றாள். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அவன் நறுக்க நறுக்க எருக்குழிக்குப் போயிற்று. அவரை நான் உண்மையாகவே வெறுத்த நாள் அது ஒன்றுதான்.

"இதெல்லாம் என்ன பிடிவாதம் மேடம்? கேக்கிறவங்களுக்குக் கொடுத்தா என்ன?"

"ஜூன்ல எடுக்கோணும், மழை விட்டதும் நடோணும். மொத வருசம் செய்வாங்க. ரெண்டாவது வருசம் ஊருக்குப் போயிருப்பாங்க." மூச்சு வாங்கியது. "நானு இருக்கற வரைக்கும்தான் சார் இதெல்லாம் பூ. அப்பறம் இது ஒரு வேலை. அடுத்தவங்க தலைமேல வேலைய வெச்சுட்டுப் போக எனக்கு இஷ்டமில்லீங்க."

வேலியோரச் செடியை மட்டும் காட்டி, "அதைத் தொட வேண்டாம்," என்றார். "தண்ணி ஊத்தாதீங்க. மழைக்கு எடுக்காதீங்க. மூடாதீங்க. ரெண்டு மழைக்கு நின்னது கணக்குல இல்ல. நடுவுல எடுத்துட்டோம். மறுபடி மொதல்லேர்ந்து."

"அழுகிட்டா?"

"அழுகட்டும். அப்ப நானு தேடுனது அது இல்லீங்க."

ஜூன் முதல் வாரம் போய்ச் சேர்ந்தார். தங்கை மகன் ஈரோட்டிலிருந்து வந்து எல்லாம் முறைப்படி செய்தான். இறப்புச் சான்றிதழ் எங்கே, எத்தனை நகல் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு மேல் செய்வதற்கு எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

*

மழை அந்த வருடம் வலுவாக இருந்தது. வேலியோரப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதற்குள் என் மனைவியிடமிருந்து மருமகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது; எங்கள் வீட்டில் ரகசியங்களின் ஆயுள் குறைவு. அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடியே நின்றாள்.

"மாமா, ப்ளீஸ். எடுத்து உள்ள வெச்சிடலாம். மழை நின்னதும் நட்டுடறேன். யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் அது நின்னுதா, நாம நிக்க வெச்சோமான்னு யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான்."

"என்னாலதான் ஆன்ட்டி பாக்காம போனாங்க. இதுவும் செத்துட்டா?"

அலமாரியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவளும் பின்னால் வந்தாள், குடை இல்லாமல். கிழங்கின் முதுகு தண்ணீருக்கு மேல் லேசாகத் தெரிந்தது. என் கையில் விரித்த குடை இருந்தது. கொஞ்சம் சாய்த்தால் போதும். சாய்க்கவில்லை. சும்மா நிற்பது உடம்பை இவ்வளவு அலுக்கச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. அவர் இத்தனை ஜூலைகள் அங்கே நின்று என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் குனிந்து அழுத்தினேன். ஒரு பக்கம் விரல் உள்ளே போயிற்று. அந்த நாற்றம். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த மழைக்குப் பின்பு அழுகல் நடுவரை வந்திருந்தது. அதற்கடுத்து வந்த மழைக்குப் பின்பும் நடுவரைதான். மறுபாதி கல் மாதிரி இருந்தது. செப்டம்பரில் அழுகிய பாதி காய்ந்து, தானாகவே உதிர்ந்துவிட்டது.

குளிர் தொடங்கும்போது கீழ்வீட்டைக் குருகிராமிலிருந்து ஒரு இளம் குடும்பம் வாங்கியது. வீட்டுக்காரனுக்கு விமான நிலையத்தில் வேலை. வந்த வாரமே, அந்த மண்ணில் டைல்ஸ் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தப்போவதாகச் சொன்னான். நான் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அது பொது இடம், அனுபவிக்கலாம், மாற்ற முடியாது என்று அதே பத்தியைப் படித்துக் காட்டினேன். அம்மாளை நோக்கிப் படித்த அதே குரலில்தான் படித்தேன் என்று நினைக்கிறேன். இந்த முறை 'தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

மார்ச்சில் பூத்தது.

மருமகள்தான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். போய் நின்றோம். சிறிய பூ. மேலிதழ்கள் ஆறிப்போன டீயின் நிறம். கீழிதழ்களில் அடிபட்ட இடம்போல மங்கலான ஊதா. ஓரங்கள் சுருளவில்லை. தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தாடி மட்டும் நல்ல மஞ்சள். பஞ்சாபிப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு, மரியாதைக்கு அச்சா என்று சொல்லிப் போனார். பை கொண்டுவரவில்லை.

"ஆன்ட்டி என்ன சொல்லியிருப்பாங்க மாமா?"

"நல்லாத்தான் இருக்குதுன்னு."

"போதாதுங்க," என்றாள் அவள், அவருடைய குரலிலேயே. சிரிக்க ஆரம்பித்தவள் அதை முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் புதிய பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள், இடுப்பில் குழந்தை. இப்படி ஒன்று அங்கே இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும் போலிருந்தது. குழந்தை தாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"அங்கிள் ஜீ, இஸ்மே க்யா டால்னா ஹோதா ஹை?" என்றாள். இதற்கு என்ன போட வேண்டும், எவ்வளவு தண்ணீர், எப்போது வெட்ட வேண்டும், மழைக்கு உள்ளே எடுத்து வைக்க வேண்டுமா என்று அடுக்கினாள். நல்ல பெண். செய்யக்கூடியவள்தான்.

"குச் நஹீ," என்றேன்.

"குச் பீ நஹீ?"

"குச் பீ நஹீ, பேட்டா." ஒன்றுமே செய்ய வேண்டாம்.